சிக்கந்தர் சாகிபின் குடிவழி

தில்லி மாநகரில் 1899ஆம் ஆண்டு தோன்றிய இந்துக் கல்லூரி, 1908ஆம் ஆண்டில் காஷ்மீர வாயிலை அடுத்திருந்த பழைய மாளிகை ஒன்றிற்கு இடம்பெயர்ந்து, 1953ஆம் ஆண்டுவரை அங்கேயே நடைபெற்று வந்தது. அம்மாளிகை ஒரு காலத்திற் கேணல் ஜேம்ஸ் ஸ்கின்னர் என்னும் படைத்தலைவருக்கு உரியதாயிருந்தது. அதற்கு அண்மையில் அவர் தம் பொருள் கொண்டு கட்டுவித்த தூய யாக்கோபு தேவாலயம் இன்றும் உளது. அவருடைய தந்தை ஸ்கொத்லாந்து தேசத்துக் கிறித்தவர். தாய் இராசபுத்திர குலத்து இந்துப் பெண். அவர் இல்லத்து மகளிருள் முஸ்லிம்கள் பலர் இருந்தனர். அவர் நூல் எழுதிய மொழி பாரசீகம். போர்த்தொழில் பயின்ற இடம் மராட்டியர் பாசறை. இறுதிக் காலத்தில் அணிந்த சீருடையோ ஆங்கிலேயருடையது. இத்தகைய ஒருவர் எவ்வினத்தைச் சேர்ந்தவர் என்னும் வினா வெறும் ஆராய்ச்சி வினாவாக இருந்ததில்லை. அவருடைய தொழிலும் நிலமும் பிள்ளைகளின் உரிமையும் அவ்வினாவின் விடையையே பற்றி நின்றன.

ஸ்கின்னர் என்னும் பெயரைக் கேட்ட அளவில், இலங்கை வாசகருக்கு இந்நாட்டின் பெருந்தெருக்களை அமைத்த மேஜர் தோமஸ் ஸ்கின்னரின் நினைவு எழுதல் இயல்பு. அவர் 1804ஆம் ஆண்டு நியூபவுண்லாந்திற் பிறந்த ஆங்கிலேயர். இவர் 1778ஆம் ஆண்டு கல்கத்தாவிற் பிறந்தவர். இருவரும் ஏறக்குறைய ஒரே காலத்தவர், பெயரும் ஒன்று, ஆயினும் வேறு வேறு குடியினர்.

ஜேம்ஸ் ஸ்கின்னரின் குடிவழியை அறிதற்குரிய முதன்மைச் சான்று அவர் தாமே எழுதிவைத்த நினைவுக் குறிப்பாகும். அதனை ஜேம்ஸ் பெயிலி பிரேசர் என்பவர் ஒழுங்குசெய்து 1851ஆம் ஆண்டு இலண்டனில் இரு தொகுதிகளாக வெளியிட்டார். இப்பிரேசரின் உடன்பிறந்தாரான வில்லியம் பிரேசர், தில்லியில் ஆங்கிலேய ஆட்சியின் பெரும் அதிகாரியாயிருந்து 1835ஆம் ஆண்டிற் சுட்டுக் கொல்லப்பட்டவர்; ஸ்கின்னரின் உற்ற நண்பர். ஆகவே நூலைப் பதிப்பித்தவர் கதைத்தலைவரை நன்கறிந்த குடும்பத்தவர் என்பது பெறப்படும். இது நூலுக்கு ஒரு வலிமை, ஒருவகையிற் குறையுமாகும். நண்பரின் குடும்பத்தார் பதிப்பித்த நூலிற் குறுக்கு விசாரணையை எதிர்பார்த்தல் இயலாது. அதனைப் படிப்போரே செய்துகொள்ளல் வேண்டும்.

தந்தை ஹெர்க்கியூலிஸ் ஸ்கின்னர் கிழக்கிந்தியக் கம்பனியின் படையிற் பணியாற்றியவர். தாய் போஜ்பூர்ப் பகுதியைச் சேர்ந்த ஜமீன்தார் ஒருவரின் மகள். தம் பதினான்காவது வயதிற் போரிற் சிறைப்பட்டு, அப்போது கடைநிலை அதிகாரியாயிருந்த ஹெர்க்கியூலிசின் கையில் அகப்பட்டார் என்றும், அவர் அப்பெண்ணை அன்புடன் நடத்தினார் என்றும், அவர்களுக்கு ஆண்மக்கள் மூவரும் பெண்மக்கள் மூவரும் பிறந்தனர் என்றும் மகன் எழுதுகின்றார். இளம்பெண்ணொருத்தி போர்க்களக் கொள்ளையோடு கொள்ளையாக அந்நியன் ஒருவன் கையிற் சேர்ந்த செய்தியை மகன் இரண்டொரு வாக்கியங்களிற் சொல்லி முடித்துவிடுகின்றார். அன்புடன் நடத்தினார் என்பது தந்தையின் பக்கத்துச் செய்தி. தாயின் பெயரைத்தானும் நினைவுக் குறிப்பிற் காண்டல் அரிது.

ஈண்டு ஒரு காலக்கணக்கு நோக்கற்பாலது. தாய் சிறைப்பட்டது காசி அரசர் சேத்சிங்கோடு கம்பனியார் செய்த போரில் என்று ஸ்கின்னர் குறிப்பிடுகின்றார். அப்போர் நிகழ்ந்தது 1781ஆம் ஆண்டில். வாரன் ஹேஸ்டிங்ஸ் காசிக்குச் சென்று அரசரைக் காவலில் வைத்ததும், காசி மக்கள் கிளர்ந்தெழுந்ததும், பின்னர் விஜயகார்க் கோட்டை வீழ்ந்ததும் அவ்வாண்டின் நிகழ்ச்சிகளாம். 1781இற் பதினான்கு வயதினரான பெண், ஜேம்ஸ் பிறந்த 1778ஆம் ஆண்டிற் பதினொரு வயதுச் சிறுமியாக இருந்திருத்தல் வேண்டும். ஜேம்சுக்கு முன்னரே டேவிட் என்னும் மகன் பிறந்திருந்தார். மூத்த பெண் 1795ஆம் ஆண்டளவில் மணம் முடித்துக் கல்கத்தாவில் இல்லறம் நடத்திக்கொண்டிருந்தமையும் அந்நூலிலேயே வருகின்றது. எனவே சேத்சிங் போரிற் சிறைப்பட்டார் என்னும் கூற்றுப் பொருந்தாது. பக்சார்ப் போர் நிகழ்ந்த 1764ஆம் ஆண்டு தொடக்கம் கம்பனிப் படைகள் போஜ்பூர், காசிப் பகுதிகளிற் போக்குவரவு செய்துகொண்டே இருந்தன. பெயரில்லாச் சிறு சண்டையொன்றில் நிகழ்ந்த சிறைப்பிடிப்பு, பிற்காலத்திற் குடும்ப நினைவில், ஊரறிந்த பெரும் போரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது எனக் கொள்வதே பொருத்தமாகும். குடும்ப வரலாறுகளில் இவ்வாறு நிகழ்தல் புதுமையன்று. நம்மவர் வீட்டுக் கதைகளிலும் எத்தனையோ சிறு பூசல்கள் ஒல்லாந்தர் சண்டையாகவும் பறங்கியர் சண்டையாகவும் வளர்ந்துள்ளன. இதனால் மகன் பொய் கூறினார் என்பதாகாது. தாய் இறந்தபோது அவருக்கு வயது பன்னிரண்டு. அவ்வயதிற் கேட்டறிந்தவற்றை முதுமையில் எழுதினார் என்பதே கருதற்குரியது.

தாயின் இறப்பே இக்குடும்ப வரலாற்றின் கொடிய நிகழ்ச்சி. 1790ஆம் ஆண்டில் ஹெர்க்கியூலிஸ் தம் பெண்மக்களைப் பள்ளிக்கு அனுப்பத் தீர்மானித்தார். தாய் அதற்கு உடன்படவில்லை. பெண்கள் திரைக்கு வெளியே சென்று அந்நியர் கண்ணிற் படுதல் தம் குலமானத்தை அழிப்பதாகும் என்று கருதிய அவர், அப்பழியைப் பொறாது தற்கொலை செய்துகொண்டார். பெண்கல்வியை மறுத்த அறியாமை என்று இதனை எளிதில் ஒதுக்கிவிடலாம். அங்ஙனம் ஒதுக்குதல் நேர்மையாகாது. ஊரும் உறவும் தெய்வ வழிபாடும் இழந்து அந்நியர் இல்லில் ஏறத்தாழ இருபதாண்டு வாழ்ந்த ஒருத்திக்குத் தன் குலத்தின் அடையாளமாக எஞ்சியிருந்தது அத்திரை ஒன்றே. தந்தையும் தீமை கருதினாரல்லர். பெண்கள் ஐரோப்பிய முறையிற் கல்வி கற்றாலன்றி ஆங்கிலேய அதிகாரிகளுக்கு வாழ்க்கைப்படுதல் அரிது என்பதை அவர் அறிந்திருந்தார். அவர் எண்ணியபடியே மூவரும் கம்பனி அதிகாரிகளை மணந்தனர்.

ஆண்மக்களின் நிலை வேறு. ஜேம்சும் இளையவரான றொபேட்டும், தந்தையின் ஊதியம் போதாமையால், முதலில் ஒரு தருமப் பள்ளியிற் பயின்றனர். தந்தை கப்டனாக உயர்ந்த பின்னர், ஒருவருக்கு மாதம் 30 ரூபாய் வீதம் செலுத்தும் விடுதிப் பள்ளியிற் சேர்க்கப்பட்டனர். ஆயின் பள்ளிக்கு அப்பால் வழி அடைபட்டிருந்தது. 1786ஆம் ஆண்டிலேயே, கல்கத்தா அனாதைப் பள்ளியில் வளர்ந்த கலப்பினப் பிள்ளைகள் கல்வி கருதி இங்கிலாந்து செல்லுதல் தடுக்கப்பட்டது. 1791ஆம் ஆண்டிற் கம்பனியின் இயக்குநர்கள், பெற்றோருள் ஒருவர் இந்தியராயின் அவர்தம் மகன் கம்பனியின் குடிசார் பதவி, படைப்பதவி, கடற்பதவி எதனையும் பெறலாகாது என விதித்தனர். 1795ஆம் ஆண்டு விதியோ இன்னும் கடியது. தாய் தந்தை இருவரும் ஐரோப்பியராக அமையாதவர் படையிற் குழலூதுவோராகவும் முரசறைவோராகவும் இலாடம் கட்டுவோராகவும் மட்டுமே இருக்கலாம் என்பது அதன் கருத்து. தம் சுற்றத்தாருக்கே பதவிகளை ஒதுக்க விரும்பிய இயக்குநரின் தன்னலம் இதற்குக் காரணம் என்பர் சிலர். கலப்பினத்தார் பெருகி ஒருநாள் ஆட்சியை எதிர்ப்பர் என்னும் அச்சம் காரணம் என்பர் வேறு சிலர். இரண்டும் கலந்திருந்தன எனலாம். விளைவு யாதெனின், ஒரே தாய் வயிற்றிற் பிறந்த பெண்கள் கம்பனி அதிகாரியின் மனைவியராகலாம். ஆண்கள் கம்பனி அதிகாரிகளாதல் கூடாது. தந்தை வாள் ஏந்திய படையில் மகனுக்குக் கிடைக்கக்கூடியது முரசு மட்டுமே.

1795ஆம் ஆண்டிற் கல்கத்தாவில் அச்சுத்தொழில் செய்வார் ஒருவரிடம் ஏழாண்டுகள் தொழில் பயிலுமாறு ஜேம்ஸ் ஒப்படைக்கப்பட்டார். மூன்றாம் நாளிரவே மதிலேறிக் குதித்து ஓடிவிட்டார். கையிலிருந்தது நான்கு அணா. சுமை தூக்கியும் தச்சர்களுக்குத் துறப்பணக் கயிறு இழுத்தும் சில நாள் கடைத்தெருவில் வயிறு வளர்த்தவரை, தமக்கை வீட்டு ஏவலாள் கண்டு பிடித்துக் கொண்டுசென்றான். மைத்துனர் அவரைச் சட்டப் பத்திரங்களைப் படியெடுக்கும் வேலையில் இருத்தினார். மூன்று திங்களின் பின் அவருடைய ஞானத்தந்தையாகிய கேணல் பேர்ண் கல்கத்தாவுக்கு வந்து, இளைஞரின் விருப்பம் படைத்தொழிலே என்பதை அறிந்து, 300 ரூபாய் கொடுத்துக் கான்பூருக்கு அனுப்பினார். கம்பனிப் படையில் இடமில்லை. ஆகவே மராட்டியத் தலைவர் சிந்தியாவின் படையை ஐரோப்பிய முறையிற் பயிற்றிய, சவோய் நாட்டவரான தெ புவாஞ் என்பவருக்குப் பரிந்துரைக் கடிதம் வழங்கப்பட்டது. மாதம் 150 ரூபாய் ஊதியத்தில் ஜேம்ஸ் அங்கே அதிகாரியானார். தம்பி றொபேட்டும் பின்னர் அதே வழியைப் பின்பற்றினார். மூத்தவர் டேவிட் முன்னரே கப்பற்றொழிலை நாடியிருந்தார்.

மராட்டியப் படையில் அவர் பெற்ற வெற்றிகளை விரித்தல் இங்கு வேண்டப்படுவதன்று. தோல்வியொன்று மட்டும் சொல்லத் தகும். 1800ஆம் ஆண்டில், கரௌலி அரசருக்குத் துணையாக உனியாராவை எதிர்த்துப் போர் செய்கையில், உடன்வந்தோர் கைவிட, ஸ்கின்னரின் படை அழிந்தது. அவர் குண்டடிபட்டுக் களத்தில் வீழ்ந்தார். பிணங்களுக்கும் புண்பட்டோருக்கும் இடையே இரவும் பகலும் நீரின்றிக் கிடந்தவரிடம், முதியவர் ஒருவரும் ஒரு மூதாட்டியும் கூடையிற் சோள ரொட்டியும் பானையில் நீரும் கொண்டு வந்தனர். மூதாட்டி தோற்றொழில் செய்யும் சமார் குலத்தவர். ஸ்கின்னர் உண்டார், பருகினார். அருகே காலிழந்து கிடந்த இராசபுத்திர சுபேதார் ஒருவர், தாழ்ந்த குலத்தார் கையினின்றும் நீர் பெறுதல் தகாது என்று மறுத்துவிட்டார். தாய்வழி நோக்கின் அந்தச் சுபேதாரின் குலமே ஸ்கின்னரின் குலமுமாகும். குலமானத்திற்காகத் தாய் உயிர்விட்டுப் பத்தாண்டு சென்றிருந்தது. மகன் நீரைப் பெற்றுக்கொண்டார். பின்னர் அம்மூதாட்டிக்கு 1000 ரூபாய் அனுப்பி, தாம் அவரைத் தாயாகவே மதிப்பதாகச் சொல்லிவிட்டார். உயிர்பிழைத்தாற் கடவுளுக்கு ஓர் ஆலயம் எடுப்பேன் என்று களத்திற் செய்த நேர்த்தியே பின்னர்த் தில்லித் தேவாலயமாக நிறைவேறியது. அது 1836ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் அபிடேகம் செய்யப்பட்டது. அவர் ஒரு பள்ளிவாசலையும் ஒரு கோயிலையும் கட்டுவித்தார் எனத் தில்லியில் ஒரு செவிவழிக் கதையும் உண்டு.

1803ஆம் ஆண்டில் ஆங்கிலேயருக்கும் சிந்தியாவுக்கும் போர் மூண்டபோது, தெ புவாஞ்சின் பின் தலைமையேற்றிருந்த பிரெஞ்சுக்காரராகிய பெரோன், ஆங்கிலக் குருதியுள்ள அதிகாரிகளை எல்லாம் நீக்கினார். ஸ்கின்னர் தங்கியிருக்கவே விரும்பினார். அவர் வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. ஆங்கிலேயர் அவரை இந்தியர் என்று ஒதுக்கினர். மராட்டியர் பக்கத்தார் ஆங்கிலேயர் என்று ஒதுக்கினர். இருவரும் அவருடைய பிறப்பிற் பாதியைக் கண்டே தீர்ப்பளித்தனர். தில்லிப் போரின் பின், பெரோனின் குதிரைவீரர் ஏறக்குறைய 2000 பேர் ஆங்கிலேயர் பக்கம் வந்து, தமக்குத் தலைவராக 'சிக்கந்தர் சாகிப்' வேண்டும் என்றனர். ஸ்கின்னர் என்பது இந்துஸ்தானி நாவிற் சிக்கந்தர் ஆயிற்று. சிக்கந்தர் என்பது மாவீரன் அலெக்சாந்தரின் பெயர். உவந்து உண்டாக்கிய திரிபு என்றே தோன்றுகின்றது. பழைய தலைவராகிய சிந்தியாவுக்கு எதிராகத் தம்மை ஏவலாகாது என்னும் நிபந்தனையோடு அவர் அப்படையை ஏற்றார். மஞ்சட் சட்டை அணிந்த அக்குதிரைப்படையே 'ஸ்கின்னர் குதிரைப்படை' எனப் புகழ்பெற்றது. இராசபுத்திரர் இறக்கத் துணிந்து களம் புகும்போது காவி மஞ்சள் உடுப்பது மரபு. தாயின் குலத்து நிறமே மகனின் படைக்கு நிறமாயிற்று என்று கூறுவாருமுளர்.

இதன் பின்னர் நிகழ்ந்தது ஓர் அங்கதம் போன்றது. ஸ்கின்னரின் பணிக்குக் கைம்மாறாக ஜாகீர் நிலம் வழங்கத் தலைவர்கள் எண்ணினர். அப்போது, அவர் பிரித்தானியப் பிரசை. ஆதலின் இந்நாட்டில் நிலம் உடையவராதல் சட்டத்துக்கு மாறு என்னும் தடை எழுப்பப்பட்டது. படைப்பதவி கேட்டபோது இந்தியத் தாயின் மகன் என்றனர். நிலம் கேட்டபோது ஆங்கிலேயத் தந்தையின் மகன் என்றனர். அவர் எதனைக் கேட்டாரோ, அதனை மறுத்தற்கேற்ற பெற்றோர் அவ்வப்போது அவருக்கு வகுக்கப்பட்டனர். ஹேஸ்டிங்ஸ் பிரபு மகாதேசாதிபதியாயிருந்த காலத்திற்றான் அந்நிலவுரிமை நிலைபேறடைந்தது. ஆங்கில அரசின் படையில் லெப்ரினன்ட் கேணல் தரமும் 'பாத்' விருதும் கிடைத்தது இன்னும் பிந்தியே, 1820க்களின் இறுதியில். படை திரட்டிக் கொடுத்து ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கழிந்திருந்தது. அதே காலத்திலேயே கல்கத்தாக் கலப்பினத்தார், ஜோன் வில்லியம் றிக்கெற்ஸ் என்பவர் வாயிலாக, இத்தகைய தடைகளை நீக்குமாறு இலண்டன் பாராளுமன்றத்துக்கு விண்ணப்பம் கொண்டுசென்றனர் என்பதையும் இங்கு நினைத்தல் தகும். ஸ்கின்னருக்குக் கிடைத்தது தனிமனிதருக்கான சலுகை, சட்டத்தின் திருத்தமன்று.

தம் குடிப்பிறப்பால் இத்துணை இடர்ப்பட்ட இம்மனிதர் பிறர் குடிப்பிறப்பை ஆராய்ந்து நூலெழுதியமை வியப்புக்குரியது. 1825ஆம் ஆண்டிற் பாரசீக மொழியில் 'தஷ்ரீஹுல் அக்வாம்' என்னும் நூலை இயற்றுவித்தார். வட இந்தியச் சாதிகளும் தொழில்களும் தோன்றிய வரலாற்றை, தில்லி ஓவியர் தீட்டிய படங்களோடு கூறுவது அது. அதன் பிரதியொன்றைச் சேர் ஜோன் மல்கமுக்கு அன்பளிப்பாக அளித்தார்; அது இலண்டனிற் பிரித்தானிய நூலகத்திற் பேணப்படுகின்றது. 1830ஆம் ஆண்டில் 'தஸ்கிரத்துல் உமரா' என்னும் மற்றொரு நூல் எழுந்தது. அது இராசபுத்திரர் முதலிய சிற்றரசர் குடிகளின் வரலாறு. ஓர் இராசபுத்திரப் பெண்ணின் மகன் இராசபுத்திர அரச வமிசங்களை முறைப்படுத்தி எழுதினார். அந்த வமிசாவளிகளில் தமக்கு இடமில்லை என்பதை அவர் அறியாதவரல்லர். முகலாயப் பேரரசர் இரண்டாம் அக்பரும் 'நாசிருத்தௌலா', 'காலிப் ஜங்' என்னும் பட்டங்களை அவருக்கு வழங்கினார்.

ஸ்கின்னரின் இல்லறம் தில்லிப் பிரபுக்களின் முறையில் அமைந்தது. மனைவியர் பதினால்வர் என்றும் பிள்ளைகள் எண்பதின்மர் என்றும் ஒரு கணக்கு வழங்குகின்றது. பிற்காலத்திற் பங்குரிமை கோரியவர்களால் இத்தொகை பெருகியிருத்தலுங் கூடும். ஜோசப், ஜேம்ஸ், ஹெர்க்கியூலிஸ், றொபேட், அலெக்சாந்தர் என்னும் ஐந்து புதல்வரே சொத்துக்கு உரியவராயினர். இப்பெயர்களில் ஒரு செய்தி உண்டு. ஹெர்க்கியூலிஸ் பாட்டனாரின் பெயர். றொபேட் சிறிய தந்தையின் பெயர். அலெக்சாந்தரோ தந்தையின் பட்டப்பெயரான சிக்கந்தரே ஆங்கில உருவில் மீண்டது போலும்.

ஹான்சியிலும் பிலாஸ்பூரிலும் இருந்த நிலங்களைப் பிரிக்காது, ஒருவர் நிருவகிக்க ஏனையோர் பங்கு பெறுமாறு அமைத்த ஏற்பாடு, கூட்டுக் குடும்பம் போன்றது. கிறித்தவரான ஒருவர், இந்துக் குடும்ப முறைமையை நிகர்த்த ஏற்பாட்டினை, முஸ்லிம் பிரபுக்களின் வாழ்க்கை வாழ்ந்த தம் மக்களுக்கு வைத்துச் சென்றார் எனலாம். ஏற்பாடு நெடுங்காலம் வழக்கின்றி நிலைக்கவில்லை. முறைப்படி மணம் நிகழாமற் பிறந்தோரும் விருப்பாவணத்தில் வரும் 'பிள்ளைகள்' என்னும் சொல்லில் அடங்குவரா என்னும் வினா 1870ஆம் ஆண்டில் இலண்டன் கோமறைக் கழகம்வரை சென்றது. எந்த நாட்டுச் சட்டத்தைக் கொண்டு அவ்வினாவை விடுப்பது என்பதே அங்கு முதற் சிக்கலாயிற்று. படைத்தலைவரின் பிறப்பிலே தொடங்கிய வினா, அவர் இறந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் பின்னும் தீர்ந்தபாடில்லை.

அவர் 1841ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் ஹான்சியிற் காலமானார். முதலில் அங்கேயே அடக்கஞ்செய்யப்பட்ட உடல், 1842ஆம் ஆண்டு ஜனவரி மாதம் எடுக்கப்பட்டு, குதிரைவீரர் புடைசூழத் தில்லிக்குக் கொண்டுவரப்பட்டுத் தேவாலயத்தினுள்ளே பீடத்தின் முன் வைக்கப்பட்டது. வயதுக்கு ஒன்றாக 63 பீரங்கி வேட்டுகள் தீர்க்கப்பட்டன. குடும்பத்தார் பலருடைய கல்லறைகள் வளவின் வடபுறத்தே வேறாக ஒதுக்கப்பட்ட பகுதியில் உள்ளன. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியிற் கோபுரத்தின் மேலிருந்த செப்புக் கோளமும் சிலுவையும் குண்டுகளால் துளைக்கப்பட்டன. குதிரைப்படையோ விடுதலை பெற்ற இந்தியாவின் படையில் முதலாம் குதிரைப்படை என்னும் பெயரோடு தொடர்ந்தது. குதிரைகளுக்கு மாறாக இப்போது கவச வண்டிகளைச் செலுத்துகின்றது. 1960க்களில் அப்படைக்குத் தலைமை தாங்கிய அதிகாரிகளுள் ஒருவர், சிக்கந்தர் சாகிபின் நேர் வழித்தோன்றல்.